ஒரு சாடி, இரண்டு பகல், இரண்டு இரவு



இதுவரை ஆத்தங்குடி தரைக்கல், செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, எங்கள் கல்லல் வழியாகப் போகும் காரைக்குடி–மானாமதுரை ரயில் பாதை என்று சமர்த்துப் பிள்ளையாக எழுதிக்கொண்டிருந்தவன் நான். இன்றைக்குப் பீர் பற்றி எழுதப் போகிறேன். பதறாதீர்கள், குடிப்பது பற்றி இல்லை. அதைச் செய்யும் பாத்திரம் பற்றி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டில் பீரோ கள்ளோ எதுவும் தயாரிப்பது குற்றம். 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. தயாரிப்பது மட்டுமல்ல, தயாரிப்பதற்காகப் பாத்திரம் பண்டம் வைத்திருப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். அதனால் இது செய்முறைக் கட்டுரை அல்ல, வரலாற்றுக் கட்டுரை. (என் அப்பா இதைப் படித்தால், தயவுசெய்து இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.)

விஷயம் எப்படி ஆரம்பித்தது என்றால், ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் அத்தான் ஒருநாள் வீடியோவில் ஒரு எவர்சில்வர் டிரம்மைக் காட்டினார். நம்மூர்க் கல்யாண வீட்டு அண்டா அளவு. "மாப்ள, இது ஒண்ணே போதும். இதுலயே தானியத்தை ஊற வைக்கலாம், இதுலயே கொதிக்க வைக்கலாம், இதுலயே ஆற வச்சு, இதுலயே நொதிக்க வைக்கலாம். நீ இன்ஜினியரிங் படிக்கிறியே, இத விட நல்லதா ஒண்ணு டிசைன் பண்ணிக் குடு பாப்போம்" என்றார். அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரி. அவருடைய முதல் முயற்சி நுரைத்துப் பொங்கி மேற்கூரை வரை அடித்தது தனிக்கதை.

நானும் நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்தேன். வரைந்துகொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, இந்த "ஒரே பாத்திரம்" யோசனை புதியது இல்லை. இருபது வருடம் பழையதும் இல்லை. குறைந்தது ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேல் பழையது. அதுவும் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பீருக்கு என்னென்ன வேலை நடக்க வேண்டும்?

திராட்சையில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. பனை, தென்னைப் பதநீரிலும் இருக்கிறது. ஈஸ்ட் விழுந்தால் போதும், தானாகவே நொதித்துவிடும். காலையில் இறக்கிய சுண்ணாம்பு போடாத பானை மதியத்துக்குள் கள்ளாகிவிடுவது இதனால்தான்.

தானியத்தில் அப்படி இல்லை. அதில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட்டுக்கு மாவுச்சத்தைத் தின்னத் தெரியாது. யாராவது அதைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய இயற்கையில் மூன்று பேர் உண்டு. ஒன்று நம் எச்சில் (சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிக்கும், பார்த்திருப்பீர்கள்). இரண்டாவது முளைவிடும் தானியம். விதை முளைக்கும்போது தன் மாவைத் தானே சர்க்கரையாக்கிக்கொள்ள அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. மூன்றாவது சில வகைப் பூஞ்சைகள்.

ஆக, தானியத்தில் இருந்து பீர் செய்ய ஐந்து வேலைகள். முளைகட்ட வேண்டும். வெந்நீரில் ஊற வைத்து மாவைச் சர்க்கரையாக்க வேண்டும். இதற்கு 65 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு இருந்தால் ஒரு மணி நேரம் போதும். பிறகு கொதிக்க வைக்க வேண்டும். ஆற வைக்க வேண்டும். கடைசியில் ஈஸ்ட்டை விட்டு நொதிக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு சூடு. ஒரு வேலைக்குத் தேவையான சூடு இன்னொரு வேலைக்கு எமன். 100 டிகிரியில் நொதியும் சாகும், ஈஸ்ட்டும் சாகும். ஒரே பாத்திரத்தில் இத்தனையையும் செய்வது ஏன் சிக்கல் என்று இப்போது புரிகிறதா?

கடியலூர்ப் புலவர் தரும் குறிப்பு

பத்துப்பாட்டில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் போய்ப் பரிசு வாங்கிக்கொள் என்று ஒரு பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு, 500 அடி. உ.வே.சா. 1889-ல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் கொண்டுவந்ததால் நமக்குக் கிடைத்தது. பள்ளியில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஆசிரியர் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிட்டோம்.

வழி சொல்லும்போது ஒவ்வொரு நிலத்திலும் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று புலவர் சொல்லிக்கொண்டே போகிறார். வலைஞர் குடியிருப்பு வரும்போது, அங்கே என்ன பானம் கிடைக்கும், அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஏழெட்டு அடியில் விவரிக்கிறார். அதை என் வார்த்தையில் வரிசைப்படுத்துகிறேன்.

குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். அந்தக் களியை வாய் அகன்ற பிழா என்னும் தட்டில் கொட்டி உலர ஆற்றுகிறார்கள். அதில் "நல்லடை" என்ற ஒன்றைக் கலக்கிறார்கள். பாம்பு குடியிருக்கும் புற்றில் இருக்கும் குரும்பி மாதிரி அது தோற்றமளிக்கும் என்கிறார். பிறகு வலுவான வாயுள்ள சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டுவிடுகிறார்கள். பச்சை வாடை போய் நன்றாக விளைந்ததும் விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கிறார்கள். சுட்ட மீனோடு கொடுக்கிறார்கள்.

நண்பர்களே, இது கவிதை மட்டும் இல்லை, லேப் ரெக்கார்டு! மூலப்பொருள், சூடாக்கும் முறை, ஆற்றும் பாத்திரத்தின் வடிவம், நொதி எங்கிருந்து வருகிறது, நொதிக்கும் பாத்திரம், கால அளவு, வடிகட்டும் முறை, எல்லாம் இருக்கிறது. என் கெமிஸ்ட்ரி ரெக்கார்டில்கூட இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, ஆற்றுவதற்கு மட்டும் பாத்திரம் மாறுகிறது. வாய் அகன்ற தட்டில் பரப்பினால் மேற்பரப்பு அதிகம், சீக்கிரம் ஆறும். காப்பியை ஆற்ற நாம் டவராவில் ஊற்றுகிற அதே தத்துவம். இரண்டாவது, மாவு சர்க்கரையாவதும் சர்க்கரை ஆல்கஹால் ஆவதும் ஒரே சாடியில் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஐரோப்பிய முறையில் இவை இரண்டு தனித்தனி வேலை, இரண்டு தனித்தனிப் பாத்திரம். இங்கே 65 டிகிரி வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. நம்மூர் 30 டிகிரியில் நொதி மெதுவாகத்தான் வேலை செய்யும். பரவாயில்லை, அதற்குத்தான் இரண்டு நாள். ஒரு பக்கம் நொதி கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை சமைத்துப் போட, மறுபக்கம் ஈஸ்ட் சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பந்தியும் அடுப்படியும் ஒரே அறையில்!

ஏன் மூன்று நாள் இல்லை, நான்கு நாள் இல்லை? இட்லி மாவு ஆட்டும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை மாதத்தில் இரண்டாம் நாள் தாண்டினால் மாவு என்ன கதியாகும் என்று தெரியும். ஈஸ்ட்டோடு கூடவே புளிப்புப் பாக்டீரியாவும் வளர்கிறது. குடிக்கத் தக்கதாக இருக்கும் இடைவெளி சின்னது. அந்த இடைவெளியைத்தான் புலவர் அளந்து சொல்லியிருக்கிறார்.

இன்னொரு இடத்தில் இதே பாட்டு, வீட்டிலேயே சமைத்த கள் என்ற பொருளில் தோப்பி என்ற ஒன்றைச் சொல்கிறது. நெல்லில் செய்த கள் என்று அதற்கு உரை. அங்கே வரும் வினைச்சொல் "அடுதல்", அதாவது சமைத்தல். பனங்கள்ளை யாரும் சமைப்பதில்லை, இறக்குவார்கள். சமைத்தார்கள் என்றாலே அது தானியம். வேறொரு இடத்தில் கள் சமைக்கும் பெண்கள் வட்டில்களைக் கழுவிய நீர் வழிந்து சேறாகிக் கிடப்பது வருகிறது. ஆக, சமைத்தவர்கள் பெண்கள். இடம் வீடு. பாத்திரம் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் இருந்த பானை.

அந்த "நல்லடை" எது?

இங்கேதான் எனக்கு இரண்டு நாள் தூக்கம் போனது.

முளைவிட்ட நெல்லை இடித்துச் சேர்த்தது என்பது உரைவழிப் பொருள். அதாவது அரிசி மால்ட். நெல்லை ஊற வைத்து முளைகட்டினால் வேரும் முளையும் ஒன்றோடொன்று பின்னி ஒரு அடை மாதிரி ஆகிவிடும். துளைத்துளையாக இருக்கும். குரும்பி என்பது கறையான் புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோறு. அதுவும் துளைத்துளையாகப் பஞ்சு போல இருக்கும். உவமை கச்சிதம்.

ஆனால் அந்த அடையின் வெளிப்புறம் "பூ" மாதிரி இருக்கும் என்றும் புலவர் சொல்கிறார். நாம் பழைய ரொட்டியைப் பார்த்து என்ன சொல்கிறோம்? "பூசணம் பூத்துருச்சு" என்கிறோம். தமிழில் பூஞ்சை பூக்கத்தான் செய்யும். இன்னொரு வேடிக்கை, புற்றாஞ்சோறு என்பதே கறையான்கள் பூஞ்சை வளர்க்கும் தோட்டம். அதன்மேல் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி தெரியும்.

ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் சந்தால், முண்டா மக்கள் ஹண்டியா என்ற அரிசிப் பீர் செய்கிறார்கள். அவர்கள் போடுவது முளை இல்லை, ரானு என்ற சின்ன மாத்திரை அடை. அரிசி மாவோடு காட்டு வேர்களை அரைத்துச் சேர்த்து உருட்டிக் காய வைத்தது. அதில் பூஞ்சையும் ஈஸ்ட்டும் குடியிருக்கும். சிக்கிம், நேபாளத்தில் மர்ச்சா. ஜப்பானியர்களின் சாக்கேயில் கோஜி என்ற பூஞ்சை பூத்த அரிசி. எல்லாம் ஒரே குடும்பம். எல்லாவற்றிலும் சர்க்கரையாக்குவதும் நொதிப்பதும் ஒரே பாத்திரத்தில் ஒன்றாக நடக்கும்.

உரையாசிரியரை மறுக்கும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. முளை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஈர நெல்லை நம்மூர் வெக்கையில் முளைகட்டினால் அதன்மேல் பூஞ்சை ஏறாமல் இருக்காது என்பது வீட்டில் பயறு முளைகட்டி மறந்துபோன எல்லோருக்கும் தெரியும். முளையும் பூஞ்சையும் இரண்டுமே அந்த அடையில் வேலை செய்திருக்கலாம் என்பது என் எண்ணம். நாமாகப் பார்த்து எதையும் சேர்க்காமலே சாடிக்குள் ஈஸ்ட் வந்ததற்கும் அந்த அடையும், முந்தின முறை நொதித்த சாடியின் சுவரும்தான் காரணமாக இருக்க வேண்டும். மண் சாடியை எவ்வளவு கழுவினாலும் அதன் துளைகளில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சாடியே அவர்களின் ஈஸ்ட் பாக்கெட்!

பாத்திரங்கள் எப்போது பிரிந்தன?

உலகத்தின் பழைய பீர்க்காரர்கள் சுமேரியர்கள். சுமார் 3,800 வருடங்களுக்கு முன் களிமண் பலகையில் எழுதிய நின்காசி என்ற பீர்த் தெய்வத்தின் துதிப்பாட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதற்கும் முந்தைய முத்திரைகளில், ஒரே பெரிய சாடியைச் சுற்றி உட்கார்ந்து நீளக் குழல் வைத்து உறிஞ்சுகிற காட்சி இருக்கிறது. ஊர் நகரத்தின் அரசி புவாபியின் கல்லறையில் இருந்து விலையுயர்ந்த உலோகக் குழல்களே கிடைத்தன. வடிகட்டாமல் செய்த சாடியில் இருந்தே நேராகக் குடிப்பது! பாத்திரம் மிச்சப்படுத்துவதில் இதற்கு மேல் போக முடியாது.

பிரிவு வந்தது ஐரோப்பாவில். பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த நீரை ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்க வைக்கும் பழக்கம் இடைக்காலத்தில் பரவியது. ஹாப்ஸ் போட்டால் பீர் சீக்கிரம் கெடாது. கெடாவிட்டால் வெளியூருக்கு அனுப்பலாம். வெளியூருக்கு அனுப்பினால் பணம். பணம் வந்தால் பெரிய செப்புக் கொப்பரை, ஊற வைக்கத் தனித் தொட்டி, ஆற்றத் தனித் தட்டு, நொதிக்கத் தனிப் பீப்பாய். வீட்டு அடுப்படியில் இருந்து பீர் வெளியே போனது இப்படித்தான். பெண்கள் கையை விட்டுப் போனதும் அப்போதுதான். பவேரியாவில் 1516-ல் போட்ட புகழ்பெற்ற சட்டம் பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. ஈஸ்ட்டின் பெயர் அதில் இல்லை. அது ஒரு உயிர் என்று பாஸ்டர் 19-ஆம் நூற்றாண்டில் நிறுவும் வரை தெளிவில்லை. 1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்து வளர்த்தார்.

பிறகு சக்கரம் திரும்பியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோபோல்ட் நாதன் என்பவர் அடி கூம்பாக இருக்கும் மூடிய தொட்டியைக் கொண்டுவந்தார். நொதித்து முடிந்த ஈஸ்ட் கூம்பின் அடியில் போய்த் தங்கிவிடும், திறந்து விட்டுவிடலாம். அதே தொட்டியிலேயே பீரை முதிர வைக்கலாம். இரண்டு பாத்திரம் ஒன்றாகியது. பிரிட்டனில் 1963-ல் வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை என்றார்கள். அமெரிக்காவில் 1978-ல் சட்டம் போட்டு அனுமதித்தார்கள். 2000-களில் ஆஸ்திரேலியாவின் வீட்டு பீர்க்காரர்கள், தானியத்தைத் துணிப்பையில் கட்டிக் கொதிகலனுக்குள்ளேயே ஊற வைத்து, பையை மட்டும் தூக்கிவிடும் முறையைப் பரப்பினார்கள். அத்தான் வாங்கிய டிரம் அந்த வம்சம்தான். சாம்பார் வெங்காயத்தைத் துணியில் கட்டி ஊற வைத்தது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வெக்கைதான் வில்லன்

என் வடிவமைப்புக்கு வருவோம். கல்லலுக்கு என்று ஒரு பாத்திரம் வரைந்தால் என்ன பிரச்சினை வரும்?

கொதிக்க வைப்பது சுலபம். ஆற்றுவதுதான் கஷ்டம். வெளிநாட்டு முறையில் செப்புக் குழாயைச் சுருளாக உள்ளே விட்டுக் குழாய்த் தண்ணீரை ஓட்டுவார்கள். மே மாதம் எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள், அதுவே வெந்நீர். பாய்கிற தண்ணீரின் சூட்டுக்குக் கீழே எந்தச் சுருளாலும் ஆற்ற முடியாது. இது எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாத இயற்பியல். அதற்கு மேல், ஈஸ்ட் வேலை செய்யும்போது அதுவும் சூட்டைக் கிளப்பும். சர்க்கரையில் ஏறக்குறைய பாதி ஆல்கஹால், பாதி கரியமில வாயு. 20 லிட்டரில் 2 கிலோ சர்க்கரை முழுதும் நொதித்தால் சுமார் 1 கிலோ வாயு, அதாவது 500 லிட்டருக்கு மேல். மூடியை இறுக்கி மூடினால் என்ன ஆகும் என்று அத்தானின் மேற்கூரை சொல்லும்.

வெள்ளைக்காரனையும் இந்த வெக்கை படுத்தியிருக்கிறது. ஆரம்பத்தில் பீர் இங்கிலாந்தில் இருந்து கப்பலில்தான் வந்தது. குளிர வைக்க அமெரிக்காவில் இருந்து ஐஸ் கட்டி வந்தது. அதைச் சேமிக்க 1842-ல் கட்டியதுதான் சென்னைக் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். இங்கேயே காய்ச்ச வேண்டும் என்று வந்தபோது அவர்கள் மதராஸிலோ மதுரையிலோ காய்ச்சவில்லை. மலைக்குப் போனார்கள். வடக்கே கசௌலி, இங்கே நீலகிரி, இலங்கையில் நுவரெலியா. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் மலைதான் ஃப்ரிட்ஜ். நீலகிரி ஆலைகளையும் பெங்களூர் ஆலைகளையும் சேர்த்துத்தான் தாமஸ் லீஷ்மன் 1915-ல் யுனைடெட் புரூவரீஸை உருவாக்கினார்.

மலைக்குப் போக முடியாதவன் என்ன செய்வான்? அதற்குப் பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சிங்கம்புணரி பக்கம் இருக்கும் பிரான்மலைதான் பாரியின் பறம்பு மலை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பாரி இறந்த பிறகு கபிலர் பறம்பு நாட்டை நினைத்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் 120-ஆவது. வரகும் தினையும் விளைவதைச் சொல்லிவிட்டு, நிலத்தில் புதைத்து முதிர வைத்த தேறலைப் புல் வேய்ந்த குடிசைதோறும் கொடுப்பார்கள் என்கிறார். நிலத்தில் புதைத்து! ஒரு ஆள் உயரம் தோண்டினால் மண்ணின் சூடு பகலுக்கும் இரவுக்கும் அதிகம் மாறாது. மேலே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரே சீராக இருக்கும். மின்சாரம் இல்லாத வெப்பக் கட்டுப்பாடு. என் நோட்டில் நான் வரைந்த குளிர்நீர் உறை, பம்பு, தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "மண்ணில் புதை" என்று இரண்டு சொல் எழுதினேன்.

சாடிக்கும் பஞ்சமில்லை. பர்மாவோடு வியாபாரம் செய்த செட்டிநாட்டு வீடுகளுக்குக் கொண்டுவந்த மெருகேற்றிய பெரிய ஜாடிகள், இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. ஊறுகாய் போட வந்தவை. துளையில்லாத மெருகு, வலுவான வாய், பருத்த வயிறு. கடலோடி வந்த சாடிக்கும் வலைஞர் குடிச் சாடிக்கும் தேவை ஒன்றுதான்.

பானையை உடைத்தது யார்?

வீட்டுக்கு வீடு இருந்த பானை எப்படிக் குற்றமாகியது? முதலில் வரி. 1886-ல் மதராஸ் ஆப்காரிச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது. காரணம் ஒழுக்கம் இல்லை, வருமானம். பிறகு ஒழுக்கம். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் தளர்த்தினார்கள், 1974-க்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981-ல் மறுபடி தளர்த்தினார்கள். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 ஜனவரி முதல் கள்ளுக்குத் தடை. 2003-ல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. ஆக, கடையில் விற்கலாம், வீட்டில் செய்யக் கூடாது. அசாமில் டிமாசா மக்களின் ஜூடிமா என்ற வீட்டு அரிசி மதுவுக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதே நாட்டில், நெல் பீரின் செய்முறையைப் பாட்டில் வைத்திருக்கும் நாம் அதை உரைநூலில் மட்டும்தான் பார்க்கலாம்.

இதைச் சொன்னதும் சிலர் கள்ளக்குறிச்சியைக் காட்டுவார்கள். 2024 ஜூனில் அங்கே 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கு முந்தின வருடம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் 20 பேருக்கு மேல். ஆனால் அவர்களைக் கொன்றது நொதித்தல் இல்லை. ஆலைகளுக்கான மெத்தனால். தானியத்தைப் புளிக்க வைத்தால் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் உண்டாகாது. தனக்குத் தெரிந்த பானையில் தனக்குத் தெரிந்த அரிசியில் செய்தவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பாக்கெட்டில் வாங்கிக் குடித்தவனுக்குத் தெரியாது. சாடியோடு சேர்ந்து அந்த அறிவும் போய்விட்டது என்பதுதான் என் வாதமாக இருந்தது.

இருந்தது என்று ஏன் சொல்கிறேன் என்றால், இதை அப்பத்தாவிடம் சொன்னேன்.

அப்பத்தாவும் கஞ்சியும்

எங்கள் வீட்டில் குடி என்பது பேசக் கூடாத சொல். சித்தப்பா அதனால்தான் போனார், முப்பத்தொன்பது வயதில். கள்ளச் சாராயம் இல்லை, சீல் வைத்த பாட்டில். அதனால் பயந்து பயந்துதான் நோட்டைக் காட்டினேன். பெரும்பாணாற்றுப்படையைப் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "ஏண்டா அப்பு, பொம்பளைங்கதான் காச்சுனாளுகங்கிற. சரி. குடிச்சிட்டு வந்தவன்கிட்ட அடி வாங்குனது யாருன்னு அந்தப் புலவரு எழுதலையா?" என்றார்கள்.

என்னிடம் பதில் இல்லை. பானையில் என்ன இருக்கிறது என்று சித்தப்பாவுக்கும் தெரியும். லேபிளில் சதவீதம் வரை அச்சிட்டிருந்தது. தெரிந்தால் தப்பிக்கலாம் என்ற என் வாதம் பாதி உண்மை மட்டும்தான். நிலத்தில் புதைத்த சாடியில் இரண்டு மூன்று நாளில் விளைவது கொஞ்சம். அடுத்த சாடி விளையும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் ஒருவேளை அந்தக் காலத்துக் கட்டுப்பாடாக இருந்திருக்கும். கடையில் காத்திருப்பு இல்லை, வரிசை மட்டும்தான். இதைக்கூட அப்பத்தா ஒப்புக்கொள்ளவில்லை. "காத்திருக்கிறவனா குடிக்கிறான்?" என்று எழுந்து போய்விட்டார்கள்.

ஆனால் மறுநாள் அவர்களே கூப்பிட்டார்கள். "அந்த முளை சமாச்சாரம் சொன்னியே, வா காட்டுறேன்" என்று, கெட்டியாகக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியைப் பானையோடு வைத்தார்கள். ஸ்பூன் நட்டால் நிற்கும். கொஞ்சம் ஆறவிட்டு, முளைகட்டிக் காய வைத்து அரைத்த கேழ்வரகு மாவில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி மூடினார்கள். என் தெர்மாமீட்டர் 63 காட்டியது. அப்பத்தாவுக்குத் தெர்மாமீட்டர் விரல்தான். அரை மணி நேரத்தில் திறந்தால் கஞ்சி தண்ணீராய் இளகிக் கிடக்கிறது. நாக்கில் வைத்தால் இனிக்கிறது. சர்க்கரை ஒரு துளி போடவில்லை.

"ஒங்கப்பனுக்கும் ஒஞ் சித்தப்பனுக்கும் பல்லு முளைக்கிறதுக்கு முந்தி இதத்தான் ஊத்துனேன். கெட்டியா இருந்தா புள்ள முழுங்காது. முளைமாவு போட்டா எளகிரும், நெறையச் சாப்புடும்" என்றார்கள்.

வலைஞர் குடியிலும் வேலை செய்தது இதே அமைலேஸ். அங்கே அடுத்த அடி சாடிக்குள் போனது, இங்கே குழந்தையின் வாய்க்குப் போனது. சாடியோடு அறிவு போய்விட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதை அடித்துவிட்டேன். பாதி அறிவு எங்கள் அடுப்படியிலேயே இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கஞ்சியை அன்றைக்கே குடித்து முடித்துவிட்டோம். இரண்டு பகல் இரண்டு இரவு வைக்கவில்லை. அத்தானுக்கு அனுப்பிய படத்தில் ஒரு சாடி, ஒரு அகன்ற தட்டு, ஒரு குழி மட்டும் இருக்கிறது. "இதுல டிசைன் எங்கடா?" என்று கேட்டார். கடியலூர்க்காரரிடம் கேளுங்கள் என்று பதில் போட்டேன்.

அடுத்த கட்டுரையில் வேறு விஷயத்தோடு சந்திப்போம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் முளைமாவுக் கஞ்சி பற்றிக் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.